அவர்கள் ஓட்டும் பள்ளிக்கூடத்தை நாம் நடத்துகிறோம்

எங்கள் மாடி வீட்டுப் பெண் பி.காம். முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எழுதிப் போட்டதாம். மேலே 'ரன்' என்று தலைப்பு. கீழே ஓடு, ஒழுகு, நடத்து, இயக்கு, தேர்தலில் நில், தீர்ந்துபோ என்று 42 வரி. "அக்கா, இருபது மனப்பாடம் பண்ணிட்டேன், மீதி மண்டையில நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

நிற்காதுதான். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்காக ரன் என்ற வினைச்சொல்லைப் பிரித்து எழுத பீட்டர் கிலிவர் என்ற அகராதியாளருக்கு 9 மாதம் ஆனது, கடைசியில் கிடைத்தவை 645 பொருள்கள். அதற்கு முன் 1989 பதிப்பில் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது 'செட்'. இப்படிக் கிளை பரப்பும் சொற்கள் பெரும்பாலும் ஓடு, போ, எடு, நில், வை என்று கைகால் செய்கிற வேலைகள்தான், குழந்தை சீக்கிரமே கற்கும் சொற்கள். ஒரு சொல்லை எவ்வளவு அதிகம் புழங்குகிறோமோ அவ்வளவு அதிகம் பொருள் அதற்குச் சேரும் என்று ஜிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945இல் கணக்குப் போட்டே காட்டினார். அதோடு இன்னொன்றும் உண்டு. காலம், பணம், யோசனை, அதிகாரம் இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் பார்த்துப் பழகிய உடம்பின் அசைவை வைத்துத்தான் அவற்றைப் பேசுகிறோம். 1980இல் மொழியியலாளர் லேக்காஃப், தத்துவ அறிஞர் ஜான்சன் இருவரும் விரிவாக எடுத்துச் சொன்னது இதைத்தான்.

அவளிடம் நான் முதலில் கேட்டது ரன்னைப் பற்றி அல்ல, 'அடி'யைப் பற்றி. தெருமுனைக் கைப்பம்பில் தண்ணி அடிக்கிறோம், வெயில் அடிக்குது, நாற்றம் அடிக்குது, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், போன் அடிக்குது. இதை யாராவது நமக்கு 42 வரியாக எழுதிக் கொடுத்தார்களா? அடி என்றால் வேகமாக வந்து படுவது. வெயில் தோலில் வந்து படுகிறது, நாற்றம் மூக்கில். கோயில் மணியை அதற்குள் தொங்கும் நாக்கு நிஜமாகவே அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அடி என்று பேராகிவிட்ட பிறகு, உள்ளே எதுவும் எதையும் அடிக்காத செல்போனும் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு புதுப் பொருளும் பழையதிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நகரும், சங்கிலியின் இரண்டு முனைகளைப் பார்த்தால் சம்பந்தமே இருக்காது, நடுவில் இருக்கும் கண்ணிகளைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இப்போது ரன். ஒரு திசையில் நிற்காமல், வேகமாக நகர்வது. ஆறு அப்படி ஓடும், அதனால் தண்ணீருக்கு வந்தது. தண்ணீருக்கு வந்தால் சளி பிடித்த மூக்குக்கும் வரும், அவர்களுக்கு மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. (ஜெர்மனில் ஓடுவதற்கு 'ரென்னன்', ஒழுகுவதற்கு 'ரின்னன்'. இரண்டும் ஒரே வேர்தான்.) இரண்டு ஊருக்கு நடுவே போய்வரும் பஸ்ஸும் ஓடுகிறது. இயந்திரங்கள் பெருகியபோது நகர்வதே போய், 'நிற்காமல்' என்பது மட்டும் தங்கிவிட்டது. ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது. படம் 100 நாள் ஓடுவதும் அப்படித்தான். ஈசிஆர் சாலை கடலை ஒட்டி 'ரன்' ஆகிறது என்பார்கள் ஆங்கிலத்தில், நாமும் "இந்த ரோடு எங்க போகுது?" என்று கேட்கிறோமே, ரோடு எங்கேயும் போகவில்லை, அதன்மேல் நம் கண்தான் போகிறது.

அவளை ரொம்பக் குழப்பியது 'ரன் அவுட் ஆஃப்'. தண்ணீர் தீர்ந்தால் ஆள் ஏன் ஓட வேண்டும்? குடத்திலிருந்து ஒழுகித் தீர்வது போல முதலில் ஓடித் தீர்ந்தது பொருள்தான், அப்புறம் அந்தப் பொருள் இல்லாமல் நிற்கிற ஆளே வாக்கியத்தின் எழுவாயாகிவிட்டார். அதில் வேகத்தைச் சொல்வது ரன், திசையைச் சொல்வது அவுட். பின்னால் ஒட்டும் குட்டிச் சொல்லை மாற்றினால் வழியே மாறிவிடும். நாம் இதை ஓடிவா, ஓடிப்போ, ஓடிவிடு என்று இன்னொரு வினையைச் சேர்த்துச் செய்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். தானாக ஓடினாலும் ரன், ஒன்றை ஓட வைத்தாலும் ரன், ஆங்கிலத்தில் சொல் மாறாது. தமிழில் தன்வினை, பிறவினை என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். கூட்டம் நடக்கிறது, தலைவர் நடத்துகிறார். அந்த 645 அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம், நாம் இரண்டு சொற்களில் பங்கு போடுவதை அவர்கள் ஒரே தலையில் ஏற்றுகிறார்கள். பள்ளிக்கூடத்தை அவர்கள் 'ரன்' பண்ணுகிறார்கள், அதாவது ஓட்டுகிறார்கள். நாம் நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம்! தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டிஷ்காரர் நிற்கிறார், நம் வேட்பாளரும் நிற்கிறார். உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் எந்த அசைவை எதற்குக் கடன் வாங்குவது என்பது மொழிக்கு மொழி மாறும்.

இத்தனை பொருளையும் மூளை எப்படிச் சமாளிக்கிறது? 1979இல் ஸ்வின்னி என்பவர் செய்த சோதனையில், இரண்டு பொருள் உள்ள சொல் காதில் விழுந்தவுடன் இரண்டுமே மனதில் எழுந்தன, மூன்று அசை தாண்டுவதற்குள் வாக்கியத்துக்குப் பொருந்துவது மட்டும் தங்கியது. 2004இல் ஹவுக், புல்வர்முல்லர் என்ற மூளை ஆய்வாளர்களின் குழு, மூளையைப் படமெடுக்கும் ஸ்கேனருக்குள் படுத்தவர்களை 'கிக்' (உதை), 'பிக்' (பொறுக்கு), 'லிக்' (நக்கு) போன்ற சொற்களைப் படிக்க வைத்தது. உதை என்று படித்தால் காலை அசைக்கும் பகுதியும், நக்கு என்று படித்தால் நாக்கை அசைக்கும் பகுதியும், அல்லது அவற்றை ஒட்டிய இடமும் சுறுசுறுப்பானது. உருவகமாகச் சொல்லும்போதும் இப்படி நடக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

நோட்டை வாங்கி 42 வரியையும் ஒரு மரமாக வரைந்தோம், நடுவில் ஓடுகிற ஆள் ஒருவன், அவனிடமிருந்து கிளைகள். அடுத்தது செட் என்றாள். அப்படியே, "போன வாரம் போன இன்டர்வியூ எனக்கு செட் ஆகலைக்கா" என்றும் சொன்னாள். சொல் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான், ஆனால் எனக்குப் பொருந்தவில்லை என்கிற அந்தப் பொருளில் ஆங்கிலேயர் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அந்தக் கிளை இங்கே முளைத்தது.