நச்சுயிரியடக்கி: ‘சக்தி மருந்து’ என்ற பெயர் ஏன் தவறு

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் நாள்தோறும் விழுங்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ‘நோய் எதிர்ப்புச் சக்தி மருந்து’ என்று சொல்வது நம் குமரி மாவட்டத்தில் பழகிப்போய்விட்டது. மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் கேட்டது போதாதென்று, போன வாரம் நாகர்கோவிலில் ஒரு விழிப்புணர்வு மேடையிலேயே அது முழங்கியது. இந்தப் பெயரை விட்டொழிக்க வேண்டும்.

ஏ.ஆர்.டி.யில் ‘டி’ சிகிச்சை; ‘ஏ.ஆர்.’ என்பதன் மூலச்சொல் ஆன்டி ரெட்ரோவைரல். ‘ஆன்டி’ கிரேக்கம், எதிர். ‘ரெட்ரோ’ லத்தீன், பின்னோக்கி. உயிரணுவில் வழக்கமாக டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்படும், இந்த வைரஸ் தலைகீழாக, தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும். அதற்கான நொதியை 1970இல் அமெரிக்க அறிவியலாளர்கள் டெமினும் பால்டிமோரும் கண்டறிந்தனர். ‘வைரஸ்’ லத்தீனில் நஞ்சு. ‘நச்சுயிரி’ அதையொட்டி அமைந்தது.

இதில் ‘சக்தி’ எங்கே வந்தது? இன்று பரவலாகத் தரப்படும் மாத்திரையில் மூன்று மருந்துகள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த நொதியை மறிக்கின்றன. டோலுடெக்ராவிர், வைரஸின் டி.என்.ஏ. நம் அணுவின் டி.என்.ஏ.வோடு இணைவதைத் தடுக்கிறது. மூன்றில் எதுவும் நம் அணுக்களுக்கு ஊட்டம் தருவதில்லை. வைரஸ் குறிவைப்பது சி.டி.4 அணுக்களை, அதாவது மற்ற எதிர்ப்பு அணுக்களை ஏவி நடத்தும் அணுக்களை. நலமுள்ள பெரியவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் காசநோயும் நுரையீரல் பூஞ்சையும் எளிதில் பற்றும். மருந்து வைரஸை அடக்கினால் அழிவு நிற்கும். பிறகு அணுக்களைப் பெருக்கிக்கொள்வது உடம்பின் வேலை. சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்கியவர்களில் பலருக்கு எண்ணிக்கை முழுதாகத் திரும்புவதில்லை. சி.டி.4 அணுக்களுக்கும், தொற்றிய அணுக்களைக் கொல்லும் சி.டி.8 அணுக்களுக்கும் உள்ள விகிதம் பல ஆண்டுகள் சீராகாமலே கிடப்பதும் உண்டு.

பெயர் தவறினால் என்ன கெட்டுவிடும் என்பார்கள். உயிர் போகும். “சக்திதான் வந்தாச்சே, இனி எதுக்கு மாத்திரை?” என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது; பெயரை நம்பி அவர் சரியாகவே யோசிக்கிறார். ஆனால் நெடுநாள் வாழும் சில சி.டி.4 அணுக்களுக்குள் வைரஸின் டி.என்.ஏ. ஒளிந்திருக்கிறது, மருந்து அதை எட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும். 5,472 பேர் பங்கேற்ற ஸ்மார்ட் ஆய்வில், சி.டி.4 எண்ணிக்கை உயர்ந்ததும் மருந்தை நிறுத்தி, 250க்குக் கீழே இறங்கியபின் மறுபடி தொடங்கியவர்களுக்குச் சந்தர்ப்பத் தொற்றோ (எதிர்ப்பு குறைந்த நேரம் பார்த்துப் பற்றும் தொற்று) மரணமோ நேரும் அபாயம், விடாமல் உண்டவர்களைவிட இருமடங்குக்கும் மேல் இருந்தது. 2006இல் வெளியான முடிவு இது. ‘சக்தி கூட்டும்’ லேகியமும் பொடியும் விற்பவர்களுக்கும் இதே பெயர்தான் வாசல் திறந்துவிடுகிறது.

‘கூட்டு மருந்து’ என்பது பிழையில்லை; ஆனால் காசநோய்க்கும் கூட்டு மருந்துதான். ‘வைரஸ் கொல்லி’ செய்யாத கொலையைச் சொல்கிறது. ‘நச்சுயிரியடக்கி’ என்பதே என் முடிவு. ‘வைரஸ் அடக்கி’ என்றாலும் எனக்குச் சம்மதம். நம் ஊர்ப் பேச்சில் தீனம், அதாவது நோய், ‘மாறுவது’ (குணமாவது) வேறு, ‘அடங்குவது’ வேறு. மாறினால் மருந்து வேண்டாம், அடங்கியிருந்தால் வேண்டும். நோயாளிக்குத் தெரியவேண்டிய வேறுபாடு முழுவதும் அந்த இரண்டு வினைச்சொற்களில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுமுன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள ஆசாரிபள்ளத்துக்குப் போகும் பேருந்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஒருமுறை போய்வரட்டும்.

‘எச்.ஐ.வி. நேர்மறை’ என்று எழுதுவதும் இதே நோய்தான். தமிழில் நேர்மறை நல்லதைக் குறிக்கும். ‘தொற்று உள்ளது’ என்றால் யாருக்கும் விளங்கும். வைரஸ் அளவுப் பரிசோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என வந்தால் அதைக் ‘கிருமி இல்லை’ என்று மொழிபெயர்த்துக் கையில் கொடுப்பது இன்னும் மோசம். ‘கருவியில் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, மாத்திரையைத் தொடரவும்’ என்று எழுத ஒரு வரி போதும்.