ஆக்டினை வெட்டும் கோஃபிலின்: நரம்பு செல்லில் அதன் அளவு மாறினால் என்ன ஆகும்?

நரம்பு செல்லின், அதாவது நியூரானின், குறிப்பு வாங்கும் கிளை டென்ட்ரைட்; அதில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு புடைப்பான முள்ளின் தலை ஒரு மைக்ரோமீட்டர் அகலம்கூட இருக்காது. ஆனாலும் இரு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸின் வலிமை பெரிதும் அதன் வடிவத்தைப் பொறுத்தது. அந்த வடிவத்தைத் தாங்கி நிற்பவை ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள். வளர்ப்புத் தட்டில் உள்ள, மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸின் நியூரான்களில் 2002-இல் ஒளிரும் ஆக்டினை வைத்து அளந்து பார்த்தார்கள். முள்ளில் உள்ள ஆக்டினில் சுமார் 85 சதவீதம் ஓயாமல் கலைந்து கலைந்து கோக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 44 விநாடிதான். இழைகளைக் கட்டும் புரதங்களுக்குக் கிடைக்கும் கவனம் கோஃபிலின் போன்ற வெட்டும் புரதங்களுக்குக் கிடைப்பதில்லை. நரம்பு செல்லைப் பொறுத்தவரை வெட்டும் வேலைதான் பல இடங்களில் தீர்மானமானது.

ஆக்டின் மூலக்கூறு ஒன்றில் 375 அமினோ அமிலங்கள். இவை வரிசையாகச் சேர்ந்து 7 நானோமீட்டர் தடிமனுள்ள முறுக்கிழை ஆகின்றன. இழையின் ஒரு முனை வேகமாக வளரும், மறுமுனை மெதுவாக வளரும் அல்லது கரையும். புதிதாகச் சேரும் மூலக்கூறு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைச் சுமந்து வரும். சேர்ந்த சில விநாடிகளில் அதை உடைத்து, பிறகு ஒரு பாஸ்பேட்டை விட்டுவிடும். பாஸ்பேட்டை இழந்த பகுதியே இழையின் பழைய பகுதி. கட்டும் புரதங்களில் புரொஃபிலின் தனி ஆக்டினை வளரும் முனைக்குக் கொண்டுவருகிறது. ஆர்ப் 2/3 ஏற்கெனவே உள்ள இழையிலிருந்து சுமார் 70 டிகிரியில் கிளை பிரிக்கிறது. ஃபார்மின் நீண்ட, கிளையற்ற இழைகளை நீட்டுகிறது.

கோஃபிலின் தேடிப் பிடிப்பது பழைய பகுதியைத்தான். அது ஒட்டிய இடத்தில் இழையின் முறுக்கு இறுகுகிறது: சுமார் 36 நானோமீட்டருக்கு ஒருமுறை வந்த அரைச்சுற்று 27 நானோமீட்டருக்கு ஒருமுறை வரத் தொடங்குகிறது. இறுகிய துண்டும் பழைய முறுக்கிலேயே இருக்கும் துண்டும் சந்திக்கும் எல்லையில் அழுத்தம் சேர்ந்து, இழை அங்கே முறிகிறது. எல்லை இருந்தால்தான் முறிவு. அளவு முக்கியமாவது இதனால்தான். கோஃபிலின் குறைவாக, ஆங்காங்கே ஒட்டியிருந்தால் எல்லைகள் நிறைய, வெட்டும் நிறைய. இழை முழுவதையும் கோஃபிலின் மூடிவிட்டால் எல்லையே இல்லை. அப்போது இழை உடைவதற்குப் பதில் நிலைத்துவிடுகிறது. வெட்டும் புரதத்தைக் கூட்டினால் வெட்டும் கூடும் என்று எதிர்பார்த்துச் செய்யும் சோதனைகள் குழப்பமான முடிவு தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. கோஃபிலினின் மூன்றாவது அமினோ அமிலமான செரீனில் லிம்கைனேஸ் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் அது ஆக்டினைப் பிடிக்காது. ஸ்லிங்ஷாட் என்ற நொதி அந்த பாஸ்பேட்டை எடுத்துவிட்டால் மறுபடி வேலைக்கு வரும். லிம்கைனேஸுக்கு மேலே ரோ, ராக் குடும்பப் புரதங்கள் செல்லுக்கு வெளியிலிருந்து வரும் குறிப்புகளைக் கடத்துகின்றன.

நியூரான் குறிப்புகளை அனுப்பும் நீண்ட கையான ஆக்ஸான் வளரும்போது அதன் முனையில் இழைகள் முன்விளிம்பில் நீள்கின்றன, மையோசின் என்ற இழுவைப் புரதம் அவற்றைப் பின்னுக்கு இழுக்கிறது, பின்பகுதியில் கோஃபிலினும் அதன் உறவான ஏடிஎஃப்-உம் அவற்றை வெட்டி மூலக்கூறுகளைத் திருப்பித் தருகின்றன. இந்த இரண்டும் இல்லாத சுண்டெலி நியூரான்கள் கைநீட்ட முடியாமல் உருண்டையாகவே நின்றுவிட்டதை 2012-இல் காட்டினார்கள். கலையாமல் அடர்ந்து கிடந்த ஆக்டின் வலையை, செல்லின் மற்றொரு சட்டகமான நுண்குழல்களால் ஊடுருவ முடியவில்லை.

சினாப்ஸில் கதை இன்னும் நுட்பமானது. வலுவான தூண்டல் கிடைத்த முதல் சில நிமிடங்களில் கோஃபிலின் முள்ளுக்குள் குவிகிறது. வெட்டப்பட்ட இழைகள் புது முனைகளைத் தர, ஆர்ப் 2/3 அவற்றிலிருந்து கிளை விட, முள் பெரிதாகிறது. பிறகு லிம்கைனேஸ் கோஃபிலினை அடக்குவதால் புதிய சட்டகம் நிலைக்கிறது. நீண்ட, மெலிந்த தூண்டலில் கால்சியம் மிதமாகவே உயரும். அப்போது பாஸ்பேட்டை எடுக்கும் நொதியான கால்சினியூரின் வழியே கோஃபிலின் விழித்தே இருக்கும், முள் சுருங்கும். ஏழாவது குரோமோசோமின் ஒரு பிரதியில் 25-க்கும் மேற்பட்ட ஜீன்கள் தவறிப்போகும் பிறவிக் கோளாறான வில்லியம்ஸ் நோயில் லிம்கைனேஸ்-1 ஜீனும் போகிறது. ஆனால் அந்த நோயாளிகளுக்கு இடவுணர்வில் வரும் சிரமத்தை இந்த ஒரு ஜீன்மேல் மட்டும் போடுவது அவசரம்.

ஆற்றல் வறண்டால் என்ன ஆகும்? வளர்ப்பு நியூரான்களில் ஏடிபி செலவில் ஏறத்தாழ பாதி ஆக்டின் சுழற்சிக்கே போகிறது என்று 2003-இல் கணக்கிட்டார்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு ஏடிபி விழும்போது கோஃபிலின் பாஸ்பேட்டை இழந்து, ஆக்டினோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து தடித்த தண்டுகளாகிறது. சுழற்சி நின்று ஏடிபி மிச்சமாவதால், சிறிது நேரத்துக்கு இது செல்லுக்கு நல்லதே; ஆற்றல் திரும்பினால் தண்டுகள் கரையும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும் சேர்ந்தால் கோஃபிலின்கள் தமக்குள் கந்தக அணுக்கள் இணையும் டைசல்ஃபைடு பிணைப்பு போட்டுக்கொள்ளும், தண்டு கரையாது. குறுகிய ஆக்ஸானில் அது அடைத்துக்கொண்டால் மைட்டோகாண்ட்ரியா போன்ற சரக்குகள் அதைத் தாண்ட முடியாமல் தேங்கும், சினாப்ஸ் பட்டினி கிடக்கும். அல்சைமர் நோயாளிகளின் மூளையிலும் இத்தகைய தண்டுகள் கிடைத்துள்ளன.

ஆய்வகத்தில் இவற்றைப் பார்க்க விரும்புவோர் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஆக்டினுக்கு வழக்கமாகப் போடும் ஒளிரும் ஃபலாய்டின் சாயம், கோஃபிலின் மூடிய இழையில் ஒட்டாது. எனவே தண்டு இருந்தும் இருட்டாகவே தெரியும். கோஃபிலினுக்கான ஆன்டிபாடிதான் போட வேண்டும். செல்லைப் பதப்படுத்திய பின் சவ்வைத் திறக்க டிரைட்டன் சோப்புக்கரைசல் போட்டால் தண்டுகள் போய்விடக்கூடும். மைனஸ் 20 டிகிரியில் குளிரவைத்த மெத்தனாலைப் பயன்படுத்தினால் அவை அப்படியே நிற்கும்.