கார்னரில் கோல் வாங்கிவிட்டு ஜோனலைத் திட்டாதீர்கள்

மறுபடியும் அதே கோல். கால்பந்து மைதானத்தில் கார்னர் வருகிறது, எதிரணிப் பையன் பத்து மீட்டர் ஓடி வந்து தலை வைக்கிறான், வலை ஆடுகிறது. உடனே மைக்கில் "ஆளே எடுக்கல பாருங்க!" என்று கத்துகிறார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கிற அப்பாக்களும் அதையே சொல்கிறார்கள். இடைவேளையில் கோச் பங்குக்கு அவரும் சொல்லி, வாரக்கணக்கில் பழக்கிய ஜோனலை, அதாவது ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கிற முறையை, தூக்கிப் போட்டுவிட்டு, "ஆளுக்கு ஒருத்தனப் புடிங்கடா" என்று அனுப்புகிறார். இரண்டாம் பாதியில் இன்னொரு கார்னர், இன்னொரு கோல். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்த சீசனில் இதே கூத்துதான். போதும் சாமி.

ஜோனல் என்றால் ஆளை விட்டுவிட்டுச் சும்மா நிற்பது என்று யார் கிளப்பிவிட்டது? பந்திக்குப் பரிமாறுகிறவர் விருந்தாளி ஒவ்வொருவர் பின்னாலும் ஓடுவதில்லை, தன் வரிசையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த வரிசையில் யார் உட்கார்ந்தாலும் அவர் பொறுப்பு. ஜோனலும் அதேதான். உன் இடத்துக்குள் வருகிற பந்து உன்னுடையது, யார் வந்தாலும் நீதான் முதலில் அதைத் தொட வேண்டும். "நிற்க வேண்டும்" என்பது அதில் எங்கேயும் இல்லை. பந்து கிளம்பியதும் இரண்டு மூன்று அடி முன்னால் ஏறி, ஒற்றைக் காலில் எகிறி அடிக்க வேண்டும். நம் பையன்கள் வாங்குகிற கோல்களில் பாதிக்கு மேல், கோட்டில் வரிசையாக நின்று பந்து தலைக்கு மேல் போவதை வேடிக்கை பார்த்ததால் வாங்கியவை. அது ஜோனலின் குற்றமில்லை. அங்கே ஜோனலே நடக்கவில்லை.

இந்தப் பழி எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேன் மார்க்கிங்கில், அதாவது ஆளுக்கு ஒருத்தனை எடுத்துக் காக்கிற முறையில், கோல் விழுந்தால் குற்றவாளி கைவசம் இருக்கிறான். "ஒன்பதாம் நம்பர நீதானடா எடுத்த?" என்று ஒரு பையனைத் திட்டிவிட்டால் முடிந்தது, முறையை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஜோனலில் விழுந்தால் கோல் போட்டவன் தனியாக நின்றதுபோலத் தெரியும், திட்ட ஆள் கிடைக்காது, ஆகவே முறைக்குத் திட்டு விழும். கார்னருக்கு ஜோனல் வைத்த கோச் ரஃபேல் பெனிடெஸ் லிவர்பூலில் இருந்த 2004 முதல் 2010 வரை இங்கிலாந்துத் தொலைக்காட்சியிலும் இதே பல்லவிதான். 2014 உலகக் கோப்பை அரையிறுதியின் 11ஆவது நிமிடத்தை யாராவது இப்படிப் பேசுகிறார்களா? டோனி குரூஸ் கார்னர் எடுக்கிறார், தாமஸ் முல்லர் தன்னந்தனியாக நின்று காலால் உள்ளே தட்டுகிறார். அவரை எடுத்திருந்த டேவிட் லூயிஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வந்து சேரவே இல்லை. பிரேசில் 7-1 என்று தோற்றது. அதற்காக மேன் மார்க்கிங்கே ஆகாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மேன் மார்க்கிங்கில் என்ன கெடுகிறது? பையன் ஆளைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது, பந்தைப் பார்த்தால் ஆள் முதுகுப் பக்கமாக நழுவிவிடுவான். எதிரணி நான்கு பேர் ரயில்பெட்டி மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர் நின்று, கிக்கின்போது நாலாபக்கமும் பிரிந்தால், நம் நான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து இதை வைத்தே பிழைத்தது. இன்னொரு தொல்லை, மாற்று ஆட்டக்காரர். 70ஆவது நிமிடத்தில் உயரமான ஒருவனை இறக்குவார்கள். அவனை யார் எடுப்பது என்று பேசி முடிப்பதற்குள் பந்து உள்ளே வந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி கை. பின்தங்கிய பையன் சட்டையைப் பிடிப்பான். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பெனால்டி பாக்ஸுக்குள் பிடித்தால் பெனால்டி, அவ்வளவுதான். கார்னர் அடிக்கப்படும் முன் நடக்கிற தள்ளுமுள்ளுக்குப் பெனால்டி கிடையாது, நடுவர் எச்சரிப்பார் அல்லது மஞ்சள் காட்டுவார். நம் பக்கத்து நடுவர்கள் பலர் இதையெல்லாம் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு மாவட்டத்துக்கு வெளியே போகிற பிள்ளைதான் பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

ஜோனலுக்கும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. ஓடி வந்து எகிறுகிறவன் நின்ற இடத்தில் எகிறுகிறவனைவிட உயரம் போவான். இருவருக்கு நடுவே விழும் பந்தை "உனக்குத்தான், உனக்குத்தான்" என்று விட்டுக்கொடுப்பதும் நடக்கும். அதனால்தான் பெரிய அணிகள் பல இரண்டையும் கலந்து வைக்கின்றன.

பதினொரு பேர் ஆட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது இது. கீப்பர் கோல்கோட்டிலிருந்து ஒரு அடி முன்னால், நடுவுக்குச் சற்றுப் பின்னே, உடம்பைத் திறந்து வைத்து நிற்கட்டும். ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு, அதாவது கார்னருக்குக் கிட்டே இருக்கிற போஸ்ட்டுக்கு, மூன்று மீட்டர் முன்னால், கார்னர் பக்கமாக ஒருவன். தாழ்வாக வரும் எல்லாப் பந்தும் அவனுடையது. சின்ன பாக்ஸின் கோட்டில், இரண்டு போஸ்ட்டுக்கும் நேராக நான்கு பேர். கோலின் அகலம் 7.32 மீட்டர், நான்கு பேர் நின்றால் நடுவே மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையை நீட்டினால் பக்கத்தில் இருப்பவனைத் தொட முடியாது, இரண்டு எட்டு வைத்தால் தொடலாம். தலையில் நன்றாக அடிப்பவன் போஸ்ட்டில் வேண்டாம், நடுவில் நிற்கட்டும்.

அடுத்து மறிப்பவர்கள் மூன்று பேர். பெனால்டி புள்ளிக்குச் சற்று உள்ளே, எதிரணியின் மூன்று நல்ல ஹெட்டர்களுக்கும் கோலுக்கும் நடுவே, நெஞ்சை அவர்கள் பக்கம் காட்டி நிற்க வேண்டும். பந்தை ஜெயிப்பது இவர்கள் வேலை இல்லை. ஓடி வருகிறவன் நேராக ஓட முடியாமல் வளைந்து வரச் செய்தாலே போதும். இடத்தை முன்கூட்டியே பிடித்து நில், கையைக் கீழே வை. மீதி இருவரில் ஒருவன் பெரிய பாக்ஸின் விளிம்பில், வெளியே வந்து விழும் பந்துக்கு. இன்னொருவன் பக்கத்திலேயே தட்டிக் கொடுக்கிற ஷார்ட் கார்னரைக் கவனிப்பான், பந்து கிடைத்தால் எதிர்த்தாக்குதலுக்கு ஓடுவான். அவன் கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கிக் எடுப்பவனின் காலைப் பார்ப்பது யாருக்கும் பழக்கமில்லை. எதிரணிக்கு வலப்பக்கமாக இருக்கும் கார்னரை இடக்காலால் அடித்தால் பந்து கோலை நோக்கி வளையும், வரிசை அப்படியே இருக்கட்டும். வலக்காலால் அடித்தால் வெளியே வளையும், மொத்த வரிசையும் ஒரு மீட்டர் முன்னால் ஏற வேண்டும். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆடிக் காற்று சமயத்தில் வருவதால் காற்று எந்தப் பக்கம் என்று டாஸுக்கு முன்பே பார்த்து வையுங்கள். எதிர்க்காற்றாக இருந்தால், தூரத்து செகண்ட் போஸ்ட்டுக்குப் போக வேண்டிய பந்து நடுவிலேயே செத்து விழும்.

பந்து பாக்ஸை விட்டு வெளியே போனதும் எல்லோரும் ஒன்றாக மேலே ஏற வேண்டும். கார்னரிலிருந்து நேராக வாங்கும் பந்துக்கு ஆஃப்சைட் (கீப்பரைத் தவிர நம் கடைசி ஆளையும் தாண்டி நின்று பந்து வாங்கும் தப்பு) கிடையாது. திரும்ப உள்ளே வரும் பந்துக்கு உண்டு. போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பையன் எதிரணி மொத்தத்தையும் ஆன்சைடில் வைத்துவிடுவான். தயவுசெய்து அவனை இழுத்து வெளியே கொண்டு வாருங்கள்.

பள்ளிக்கூட அணிகளுக்கு ஜோனல் ஏன் தோது என்பதை பி.டி. சார்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பதினான்கு வயது அணியில் உயரமான பையன்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மேன் மார்க்கிங்கில் எதிரணி தன் நெட்டையனைப் பாக்ஸ் விளிம்புக்கு நகர்த்தினால் நம் நெட்டையனும் பின்னாலேயே போய்விடுவான், நடுவில் குட்டைப் பையன் மட்டும் மிஞ்சுவான். ஜோனலில் உயரம் எங்கே வேண்டுமோ அங்கேயே இருக்கும். மாறாக, இரண்டே நாள் பயிற்சியில் கூட்டிச்செல்கிற அணி என்றால் மேன் மார்க்கிங்கையே வைத்துக்கொள்ளுங்கள், திட்டமாட்டேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸிலும் ஐந்து பேர் வரிசைக்கு ஆள் பத்தாது. ஃபர்ஸ்ட் போஸ்ட்டில் ஒருவன், நடுவில் ஒருவன், மற்றவர்கள் ஆளை எடுக்கட்டும்.

பக்கவாட்டு ஃப்ரீ கிக்கில் கணக்கு வேறு, அங்கே ஆஃப்சைட் உண்டு. வரிசை பெரிய பாக்ஸின் கோட்டருகே நிற்கட்டும், கால் பந்தில் படும்வரை ஒருவனும் இறங்கக் கூடாது. பயத்தில் ஒருவன் முந்தி இறங்கினால் எல்லாம் போச்சு.

இதையெல்லாம் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் பழகினால் போதும். ஆனால் நாற்பது கார்னரை அடித்து நாற்பதையும் பையன்களைத் தலையால் முட்டச் சொல்லாதீர்கள். கார்னர், கிராஸ் போன்ற வேகமான பந்துகளைப் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தலையால் அடிக்க வேண்டாம் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2021இல் சொன்னது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே. அமெரிக்காவில் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலையால் ஆடவே அனுமதி இல்லை. நிற்கும் இடத்தையும் முன்னேறும் நேரத்தையும் பழக்க, பந்தைக் கையால் மெதுவாக எறியுங்கள்; பையன்கள் கையால் பிடிக்கட்டும். யார் முதலில் தொட்டான் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.