றெக்கைக்குள்ள தண்ணி

பிளேன்ல பெட்ரோல் டேங்க் எங்க இருக்குன்னு கேட்டா பாதிப் பேரு வால் பக்கம் கைய காட்டுறாங்க. பெரும்பாலும் றெக்கைக்குள்ளதான் இருக்கு, அதுக்குன்னு தனி டப்பாகூட கெடையாது, றெக்கையோட தகடேதான் டேங்க், ஜாயின்ட்ல சீலன்ட் பூசி அடைச்சிருப்பாங்க. உள்ள இருக்கறதும் பெட்ரோல் இல்ல, ஜெட் ஏ-1, நம்ம மண்ணெண்ணெய்க்கு ஒண்ணு விட்ட அண்ணன். ஏர்பஸ் ஏ320 பிளேன்ல முழுசா ரொப்புனா கிட்டத்தட்ட 24,000 லிட்டர் புடிக்கும். டேங்க்ல இருக்குற பம்பு எஞ்சினுக்குத் தள்ளும், அங்க சூடான எஞ்சின் ஆயில வெச்சு எரிபொருள சூடாக்குற ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஃபில்டர், ஹை பிரஷர் பம்பு, கடைசியா எஞ்சினுக்குள்ள பீச்சுற நாசில். அவ்ளோதான் சிஸ்டம்.

இதுல பம்பு போகும், வால்வு ஒட்டிக்கும், கேஜ் பொய் சொல்லும், எல்லாம் நடக்குறதுதான், ஸ்க்ரீன்ல மெசேஜ் வரும், பாத்துக்கலாம். ஆனா லைன் மெயின்டனன்ஸ்ல, அதாவது ட்ரிப்புக்கு நடுவுல ஏர்போர்ட்லயே பிளேன செக் பண்ற வேலையில, இத்தன வருஷத்துல நான் பயப்படுறது மெசேஜே போடாம உக்காந்திருக்குற தண்ணிக்குத்தான்.

தண்ணி எப்டி உள்ள போகுதுன்னா, டேங்க் முழுசா மூடுனது இல்ல, வெளிக்காத்து வந்து போக வென்ட் இருக்கு, எரிபொருள் கொறைய கொறைய அந்த எடத்துக்குக் காத்து வரணும்ல. மேல குளுந்து போன டேங்க் கீழ எறங்கும்போது சென்னை மாதிரி ஊரோட ஈரக்காத்த இழுத்துக்கும், ஐஸ் வாட்டர் சொம்பு மேல வேர்க்குற மாதிரி உள்பக்கம் வேர்த்து அடியில எறங்கிரும். அதுக்குத்தான் டேங்கோட தாழ்வான எடத்துல டிரெயின் வால்வு வெச்சிருக்கு, குத்திப் புடிச்சு ஜாடியில பாக்கணும், தண்ணி கலந்திருந்தா அடியில தனியா நிக்கும், நடுவுல கோடு தெரியும். ரொப்புன உடனே புடிச்சா பிரயோஜனம் இல்ல, கெரசின்ல தண்ணி எறங்க நேரம் எடுக்கும்.

நான் ட்ரெய்னியா இருந்தப்ப ஒரு ராத்திரி ஜாடிய டார்ச்சுல பாத்துட்டு "சூப்பர் க்ளியர் அண்ணே, நடுவுல கோடே இல்ல"ன்னு சீனியர்கிட்ட நீட்டுனேன். அவரு ஒண்ணும் சொல்லல, வெரல விட்டு மோந்து பாத்துட்டு என் மூக்குகிட்ட நீட்டுனாரு, வாசனையே இல்ல. ஜாடி முழுக்க தண்ணி, அப்பறம் கோடு எங்கேருந்து வரும்! கைக்கு வழுவழுப்பும் இல்ல. அப்பறம் சிரிஞ்சுல தண்ணி இருக்கான்னு காட்டுற மஞ்ச கேப்சூல மாட்டி இழுத்துக் காட்டுனாரு, பச்சையா மாறிருச்சு. முழங்கை வழியா சட்டைக்குள்ள ஒழுகுற வேலைங்கறதால இத கையெழுத்தோட முடிச்சுக்கறவங்களயும் பாத்திருக்கேன், பேரு வேணாம்.

2008 ஜனவரி 17, பெய்ஜிங்லேருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 பிளேன். எறங்குறதுக்கு ரெண்டு மைல் முன்னாடி, த்ராட்டில் கூடுதல் பவர் கேட்டுச்சு, மொதல்ல ஒரு எஞ்சின், சில செகண்ட்ல இன்னொண்ணு, ரெண்டும் பவர் ஏறல. ரன்வேக்கு முன்னாடி புல்லுலயே விழுந்துச்சு, 152 பேரும் பொழச்சாங்க. எரிபொருள் ஒறஞ்சிருச்சோன்னு எல்லாரும் நெனச்சாங்க, ஆனா ஜெட் ஏ-1 ஒறையிறது மைனஸ் 47ல, அன்னைக்கு டேங்க் எறங்குனது மைனஸ் 34 வரைக்கும்தான். ஒறஞ்சது அதுல கலந்திருந்த தண்ணி, அதுவும் அனுமதிச்ச அளவுக்குள்ள இருந்த சாதாரண அளவுதான், நீளமான குளுந்த பயணத்துல பைப்போட உள்சுவத்துல ஐஸா ஒட்டிக்கிட்டே வந்து, பவர் கேட்டு ஃப்ளோ ஏறுனதும் மொத்தமா பேந்து வந்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் முகத்துல அடச்சிருச்சு. அந்த முகத்துல குழாய்ங்க லேசா வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, அதுல ஐஸ் மாட்டிக்கிச்சு, அப்பறம் டிசைன மாத்தி மட்டமாக்குனாங்க. ஐஸ் உருகிட்டா தடயமும் இல்ல, கண்டுபுடிக்க அவ்ளோ பாடுபட்டாங்க.

ஒறையாத தண்ணியும் சும்மா இருக்காது. தண்ணியும் கெரசினும் சேர்ற எடத்துல ஒரு பூஞ்ச கெரசினையே தின்னு வளரும், கருப்பா பழுப்பா வழவழன்னு, ஃபில்டர அடைக்கும், டேங்க்குள்ள எரிபொருள் அளவ பாக்குற கேஜ் ப்ரோப்ல படிஞ்சு தப்பு கணக்கு காட்டும், அலுமினியத்த அரிக்கும். அதுக்கு மருந்து உண்டு, ஆனா அளவு! 2020 பிப்ரவரில லண்டன் கேட்விக்லேருந்து கெளம்புன ஏ321 ஒண்ணுக்கு அதுக்கு முந்துன மெயின்டனன்ஸ்ல சொன்ன அளவுக்கு 38 மடங்கு மருந்து போட்டிருந்தாங்க, மேல ஏறுனதும் எஞ்சின் தடுமாறி, ஆபத்துன்னு ரேடியோல "மேடே" சொல்லித் திரும்பி எறங்குச்சு. பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற கணக்குல குழப்பம். நான் இப்ப ஜூனியர் பசங்கள அந்தக் கணக்க பேப்பர்ல ஒருதரம், பக்கத்துல இருக்குறவன் தனியா ஒருதரம்னு போடச் சொல்றேன், முறைக்கிறாங்க, முறைக்கட்டும்.

ஆங், ஜன்னலோரம் உக்காந்து றெக்கை அடியில சொட்டுதுன்னு வீடியோ எடுத்து அனுப்புறவங்களுக்கு: எறங்குன கொஞ்ச நேரத்துல சொட்டுறது பெரும்பாலும் அந்தக் குளுந்த டேங்க் மேல வெளிய வேர்க்குற தண்ணிதான். இருந்தாலும் க்ரூகிட்ட சொல்லுங்க, நாங்க வந்து தொட்டு மோந்து பாத்துக்கறோம்.