பணியயர்ச்சியை மனச்சோர்வு என்று எழுதாதீர்கள்

வேலை ஆளை வற்றவைத்துவிடும் நிலையை நான் 'பணியயர்ச்சி' என்கிறேன். அதைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'மனச்சோர்வு' என்றே இருக்கிறது. 'டிப்ரஷன்' என்றாலும் மனச்சோர்வு, 'பர்ன் அவுட்' என்றாலும் மனச்சோர்வு. இரண்டுக்கும் மருந்து வேறு, வழி வேறு. பெயர் மட்டும் ஒன்றாம்.

'பர்ன் அவுட்' என்பதன் நேர்ப்பொருள் எரிபொருள் தீர்ந்து அணைந்துபோவது. 1974-இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவ நிலையங்களில் ஊக்கத்தோடு உழைத்தவர்கள் வறண்டுபோவதைக் குறிக்க அதை எடுத்தாண்டார். 1981-இல் உளவியலாளர்கள் மாஸ்லாக், ஜாக்சன் இருவரும் இந்த நிலையை அளக்க 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அது மூன்றை அளக்கிறது: உணர்வு வற்றுதல், எதிரில் இருப்பவரை மனிதராகவே பாராமல் விலகுதல், செய்த வேலையில் நிறைவின்மை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நாள்பட்டுப்போன பணி அழுத்தத்தின் விளைவு என்கிறது. மனச்சோர்வோ அதே வகைப்பாட்டில் நோய்.

குழப்பத்தால் வரும் கேடு சிறியதல்ல. மனச்சோர்வு வேலையோடு நிற்காது. பிடித்த பாட்டு, பிள்ளையின் சிரிப்பு, பசி, தூக்கம் எல்லாவற்றிலும் கை வைக்கும். துயரமோ நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே. மனச்சோர்வில் இருப்பவரிடம் போய் 'பத்து நாள் லீவு போடுங்கள், சரியாகிவிடும்' என்பது ஆபத்து. மறுபக்கம், வேலையால் வற்றியவர் தொடக்கத்தில் வேலையை விட்டு விலகியிருக்கும்போது ஓரளவு தெளிவார். திரும்பிய சில நாளில் பழையபடி ஆவார். அவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அதே மேசைக்கு அனுப்பினால் என்ன மாறும்? கவனியாமல் விட்டால் இது மனச்சோர்வில் போய் முடியவும் கூடும். அதனால்தான் இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்கிறேன். (ரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதே களைப்பைத் தரும், ரத்தப் பரிசோதனை செய்யாமல் பெயர் சூட்ட வேண்டாம்.)

'மன அழுத்தம்' என்பதும் பொருந்தாது. அழுத்தத்தில் இருப்பவர் பதறுவார், சீறுவார், ஓடுவார். வற்றியவருக்குப் பதறவும் தெம்பிருக்காது. அளவுகோல் சொல்லும் உணர்வு வற்றுதலுக்கு ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது: 'உணர்ச்சிகரமான சோர்வு'. உணர்ச்சிகரமானது மேடைப்பேச்சு. இங்கே உணர்ச்சியே மிஞ்சவில்லை என்பதுதானே சிக்கல்! அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், ஒட்டியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும்.

நான் பரிந்துரைப்பது 'பணியயர்ச்சி'. அதன் ஒரு கூறான உணர்வு வற்றுதலுக்கு 'உணர்வயர்ச்சி'. அயர்தல் என்றால் தளர்தல் என்பது எல்லோருக்கும் தெரியும். பழந்தமிழில் அதற்கு ஒன்றில் முனைந்து ஈடுபடுதல் என்ற பொருளும் உண்டு: வெறியாட்டு (முருகனுக்காக வேலன் ஆடும் ஆட்டம்) அயர்தல், மாலையில் விருந்து செய்வோம் என்று சொல்லும் 'மாலை அயர்கம் விருந்து' என்னும் குறள். முழு மூச்சாய் ஈடுபட்டவரைத்தான் இந்த நிலை முதலில் பிடிக்கிறது. ஈடுபாடு, தளர்ச்சி இரண்டையும் ஒரே சொல் ஏந்துகிறது. 'பணி' அலுவலகத்தோடு நின்றுவிடுமே, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்ன ஆவார் என்று கேட்கலாம். பணிவிடையும் பணிதான்.

பெயர் தெளிவானால் செய்ய வேண்டியதும் தெளிவாகும். இரண்டு வாரம், ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அது தெம்பைத் தின்றதா தந்ததா என்று ஒரு வரி குறித்துவையுங்கள். பளு, தன் முடிவுக்கு இடமின்மை, பலனின்மை, உடன் இருப்போரின் உறவு, நியாயமின்மை, கொள்கை முரண் ஆகிய ஆறில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பளு என்றால் ஓய்வு உதவும். நியாயமின்மை என்றால் எத்தனை நாள் தூங்கினாலும் தீராது. இரவு ஏழு மணி நேரத் தூக்கமும், வேலைச் செய்திகளுக்கு ஒரு முடிவு நேரமும் அடிப்படை. அவை மட்டுமே மருந்தாகா. 'சுயபராமரிப்பு' என்று வண்டிக்குச் சொல்வதுபோல் எழுதிவைத்து, மூச்சுப்பயிற்சியோடு முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகின்றன. மேலதிகாரியிடம் 'மனசு சரியில்லை' என்றால் ஒருநாள் விடுப்போடு பேச்சு முடிந்துவிடும். கையில் இருக்கும் வேலைகளை எழுதிக் கொண்டுபோய் வைத்து, 'இதில் எதை நிறுத்தலாம், எதை வேறொருவருக்கு மாற்றலாம்?' என்று கேளுங்கள்.