போதை வழக்கு: குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் 64ஏ பிரிவைக் கேளுங்கள்

கோர்ட் வராந்தாவில் ஒரு அறிவுரை இலவசமாகக் கிடைக்கும்: “குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, இன்றைக்கே வீட்டுக்குப் போ.” கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட பையனின் அப்பாவுக்கு அதைக் கேட்டதும் உயிர் வருகிறது. பிறகு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் விசாரணை வரும்போதுதான், பையன் அன்றைக்கே தண்டனை பெற்ற குற்றவாளி ஆகிவிட்டான் என்பது புரிகிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் மீது போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ (27ஆம் பிரிவு) சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அவர் மீது அந்த வழக்கை நடத்தக்கூடாது. 39ஆம் பிரிவு வேறு. குற்றவாளி என்று முடிவான பிறகு, சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்புவது அது. பெரும்பாலான வக்கீல்களுக்கு 39தான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 64ஏ.

கேட்டால் உடனே கிடைத்துவிடாது. காவல் நிலையத்தில் “கோர்ட்டில் கேள்” என்பார்கள். கோர்ட்டில் “குற்றப்பத்திரிகை வரட்டும்” என்பார்கள். மருத்துவமனையில் “கோர்ட் கடிதம் எங்கே?” என்பார்கள். இந்த மூன்று வாசலுக்கும் அலைந்து மாதங்கள் போய்விடும். சிகிச்சை பெற யாருடைய கடிதமும் தேவையில்லை. ஜாமீனில் வந்த மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டுப் போட்டுவிடுங்கள். தானாக முன்வந்தார் என்பதற்கு அந்தச் சீட்டின் தேதியைவிட நல்ல சாட்சி இல்லை. 2001இல் கைதான ஓர் இந்தி நடிகருக்கே 64ஏ விலக்கு 2012இல்தான் கிடைத்தது. நமக்கு எத்தனை வாய்தா ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி எடை. சிறிய அளவு என்பது கஞ்சாவுக்கு 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம், கோகெயினுக்கும் மெத்தாம்பெட்டமினுக்கும் 2 கிராம், எக்ஸ்டஸி எனப்படும் எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். கலப்படத்தைக் கழித்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. கலந்திருக்கும் மாவையும் சேர்த்து மொத்த எடையே கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 6 கிராம் பொடியில் அரை கிராம்தான் ஹெராயின் என்றாலும் அது 6 கிராம்தான். அதனால் முதல் தகவல் அறிக்கை, மகஜர் (பறிமுதல் செய்தபோது எழுதிய குறிப்பு), ஆய்வக அறிக்கை மூன்றிலும் எடை ஒன்றாக இருக்கிறதா, பாலித்தீன் உறையையும் சேர்த்து நிறுத்தார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது பொறியைக் குடும்பமே வைக்கிறது. மானத்துக்குப் பயந்து டாக்டரிடம் “எப்போதாவது நண்பர்களோடு” என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பிரிவு அடிமையானவருக்கு மட்டுமே. எத்தனை வருடப் பழக்கம், ஒருநாள் கிடைக்காவிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அடிமைநிலை இருக்கிறது என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு தாய் மஞ்சள் பையிலிருந்து கட்டணச் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கியதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் தனியார் மையத்தில் மகனை வைத்திருந்தார். ராத்திரியில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போன மையம் அது. அந்த இடத்துக்கு அங்கீகாரமே இல்லை. கட்டித் தூக்கிப் போனதை விருப்பத்தோடு வந்ததாகவும் சொல்ல முடியாது. ரசீதுகளை அவர் மறுபடி அதே வரிசையில் பையில் வைத்தார். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவில்லாமல் இத்தகைய இல்லம் நடத்தக்கூடாது, யாரையும் சங்கிலியில் பூட்டவும் கூடாது. அரசு உதவி பெறும் மையங்களைக் கேட்க இலவச எண் 14446.

சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் விலக்கை ரத்து செய்யலாம். ஆனால் பத்து நாள் படுக்கையில் கிடந்து உடம்பிலிருந்து போதையை இறக்குவது சிகிச்சையின் தொடக்கம்தான். ஹெராயின் பழக்கத்துக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கொடுப்பதே பலன் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. “இன்னும் மாத்திரை போடுகிறான், அதுவும் போதைதானே” என்று யாராவது கேட்பார்கள். திட்டமிட்ட தொடர் சிகிச்சை இது, இவர் ஒழுங்காக வருகிறார் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். நடுவில் ஒருநாள் தவறுவது வேறு, சிகிச்சையைக் கைவிடுவது வேறு.

சிறைக்கு ரிமாண்ட் ஆனால் முதல் நாலு நாள்தான் ஆபத்து. குடிப்பழக்கமும் சேர்ந்திருந்தால் திடீர் நிறுத்தத்தில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லி, அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏற்கனவே மருந்து எடுப்பவர் என்றால் மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். வெளியே வரும் நாளும் ஆபத்தான நாள். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே ஆளைக் கொன்றுவிடும். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் அரசுச் செலவில் வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. மனு தயாரானதும் வாங்கிப் படியுங்கள். அதில் 39 மட்டும் இருந்து 64ஏ இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.