எழுதியவர் விலகிவிட்டால் அந்தச் செருகுநிரல் யாருடையது?

ஒரு கட்டற்ற மென்பொருளை நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கினாலே அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன நிரல்களான செருகுநிரல்கள் (பிளகின்) முளைக்க ஆரம்பித்துவிடும். ஒருவர் தன் தேவைக்கு எழுதியதை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தன் கணக்கில் போடுவார். இன்னொருவர் ஜிப் ஃபைலாகத் தன் தளத்தில் வைத்திருப்பார். நான் பராமரிப்புக் குழுவில் இருக்கும் திட்டத்தில் இவற்றுக்கெல்லாம் வெகுநாள் ஒரு விக்கிப் பக்கம்தான் இருந்தது. பெயர், ஒரு வரி விளக்கம், லிங்க், அவ்வளவுதான்.

ஒருநாள் பயனர் ஒருவர், அட்டவணைகளை ஏற்றுமதி செய்யும் செருகுநிரல் வேலை செய்யவில்லை என்று எழுதினார். தேடிப் பார்த்தால் ஒரே பெயரில் மூன்று பிரதிகள். முதலாவது மூல ஆசிரியருடையது. ஒன்றரை வருடமாக அதில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவதில் யாரோ ஒருவர், ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் உடைவதைச் சரிசெய்திருந்தார். மூன்றாவதில் தேதி வடிவம் திருத்தப்பட்டிருந்தது, ஆனால் எழுத்துகள் உடைந்துகொண்டுதான் இருந்தன. மூன்றிலும் பதிப்பு எண் 1.2. மூன்று ஃபோல்டர்களையும் திறந்து வைத்து வரிவரியாக ஒப்பிட்டதிலேயே ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது.

சரி, மூன்றையும் இணைத்து ஒன்றாக வெளியிட்டுவிடலாம் என்றால், மூலப் பிரதியில் உரிமம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. உரிமம் குறிப்பிடாத நிரலின் பதிப்புரிமை முழுவதும் எழுதியவருக்கே சொந்தம். எல்லோரும் பார்க்கும் இடத்தில் கிடக்கிறது என்பதற்காக, அதைத் திருத்தி வெளியிடும் உரிமை நமக்கு வந்துவிடாது. ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் இல்லை. எல்லாச் செருகுநிரல்களையும் ஒரே இடத்தில் வைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று வேண்டும் என்று குழுவில் பேச்சு எழுந்தது அந்த வாரம்தான்.

களஞ்சியம் என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது சர்வரைப் பற்றி. உண்மையில் அது எளிய பகுதி. செருகுநிரல்களின் பட்டியலைச் சொல்லும் ஒரு ஜேசான் ஃபைல் (எளிய உரை வடிவம்), பக்கத்தில் ஜிப் ஃபைல்கள், ஒவ்வொன்றுக்கும் ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 ஹேஷ், பட்டியலுக்கு டிஜிட்டல் கையொப்பம். சிறிய திட்டத்துக்கு இதுவே தாராளம். சிரமமெல்லாம் விதிகளில்தான். அவற்றை முதல் செருகுநிரல் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். தகராறு வந்தபிறகு எழுதும் விதி, யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியது போலவே தோன்றும்.

முதல் விதி, நீக்குவது பற்றி. 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்புகளை வைக்கும் என்பிஎம் களஞ்சியத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இன்னொரு தொகுப்பின் பெயர் குறித்து எழுந்த தகராறில் மனம் கசந்த ஒருவர், தன் தொகுப்புகள் அனைத்தையும் நீக்கினார். அவற்றில் லெஃப்ட்-பேட் என்ற சின்னஞ்சிறு தொகுப்பும் ஒன்று. மொத்தம் 11 வரி. அதை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ சார்ந்திருந்த ஏராளமான திட்டங்கள் அன்று அப்படியே நின்றன. என்பிஎம் அதை மீட்டெடுத்தது. பிறகு நீக்கும் உரிமைக்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாங்கள் வைத்த விதி இது: வெளியிட்ட பதிப்பை அழிக்க முடியாது, பட்டியலில் காட்டாமல் மறைக்கலாம். ஏற்கெனவே அதைச் சார்ந்திருப்பவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும். தீங்கு செய்யும் நிரலோ சட்டச் சிக்கலோ என்றால் மட்டும் விலக்கு. ஒரே பதிப்பு எண்ணில் வேறு ஃபைலை ஏற்றவும் முடியாது.

இரண்டாவது விதி கைமாற்றம் பற்றியது. இதில்தான் நான் உங்களை அதிக நேரம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற தொகுப்பின் ஆசிரியர், தான் பயன்படுத்துவதையே விட்டுவிட்ட அந்தத் தொகுப்பை, உதவ முன்வந்த ஒருவரிடம் ஒப்படைத்தார். புதியவர் அதில் ஒரு சார்புத் தொகுப்பை, அதாவது அதோடு சேர்ந்தே நிறுவப்படும் இன்னொரு தொகுப்பை, சேர்த்தார். அதற்குள் ஒரு பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த திருட்டு நிரல் ஒளிந்திருந்தது. 2024-இல் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் விவகாரத்திலும் அடிப்படை இதுதான். தனியாளாகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பாடுபட்டுச் சம்பாதித்து, பிறகு அதில் ரகசியமாக உள்ளே புக வழிவிடும் பின்கதவை நுழைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்துத் துருவியதால்தான் அது பிடிபட்டது.

இந்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளமில்லாமல் ஒரு வேலையை வருடக்கணக்கில் செய்துவந்தவர், உதவிக்கு ஆள் வந்தால் சரி என்றுதான் சொல்வார். கைமாற்றம் இரண்டு பேருக்கு இடையில் மட்டும் நடந்து முடிந்துவிடுவதுதான் ஆபத்து. நிரல்களைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் மென்பொருளான ஜென்கின்ஸ் திட்டத்தில் செருகுநிரல்களின் நிரல் பெரும்பாலும் திட்டத்தின் பொது அமைப்புக் கணக்கின் கீழ் இருக்கும். கைவிடப்பட்டவை ‘தத்தெடுக்கலாம்’ என்ற குறியோடு நிற்கும், எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் பொதுவில் கேட்க வேண்டும். நாங்கள் அந்த முறையைத்தான் பின்பற்றினோம். ஆசிரியரிடமிருந்து ஆறு வாரம் பதில் இல்லையென்றால் பொது அறிவிப்பு. புதியவருக்கு முதலில் திருத்தும் உரிமை மட்டும். வெளியிடும் உரிமை, குழுவில் இருவர் அவருடைய முதல் சில வெளியீடுகளைப் படித்துப் பார்த்தபிறகுதான். பழைய ஆசிரியரின் பெயர் நீக்கப்படாது. அவர் திரும்பி வந்தால், வருபவர் அவர்தான் என்று உறுதிசெய்துகொண்டு உரிமையும் திரும்பக் கொடுக்கப்படும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உரிமம் இல்லாமல் எதையும் சேர்க்காதீர்கள். வெளியிடுபவர் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயமாக்குங்கள். பைத்தான் மொழியின் தொகுப்புகளை வைக்கும் பைப்பிஐ களஞ்சியமே 2024 தொடக்கத்திலிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டது. செருகுநிரல் இயங்குவது பயனரின் முழு உரிமையோடு என்பதையும், ‘பட்டியலில் இருக்கிறது’ என்றால் நீங்கள் எதைச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை என்பதையும் முகப்பிலேயே எழுதுங்கள். தாய் மென்பொருளின் எந்தப் பதிப்பிலிருந்து இது இயங்கும் என்ற விவரம் இல்லாமல் ஏற்காதீர்கள். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸின் செருகுநிரல் களஞ்சியத்தில்கூட இது கட்டாயத் தகவல்.

பொதுக் களஞ்சியத்தால் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. தாய் மென்பொருளில் ஒரு பழைய ஃபங்ஷனை நீக்க நினைத்தால், எத்தனை செருகுநிரல்கள் அதை அழைக்கின்றன என்று இப்போது ஒரே கட்டளையில் தேடிவிடலாம். போன முறை அப்படித் தேடியதில் ஒன்பது வந்தன. வெளியீட்டுக்கு முன்பே ஒன்பது ஆசிரியர்களுக்கும் எழுதினோம். ஏழு பேர் திருத்தி அனுப்பினார்கள். மீதி இரண்டை நாங்களே திருத்தினோம்.

அந்த ஏற்றுமதிச் செருகுநிரலின் ஆசிரியர் எட்டு மாதம் கழித்துத் தானாகவே எழுதினார். வேலை மாறியிருந்தார், நாங்கள் எழுதிய முகவரி பழைய அலுவலகத்தோடு போய்விட்டது. மறுநாளே உரிம ஃபைலைச் சேர்த்துவிட்டார். மூன்று பிரதிகளும் இணைந்து 1.3 வெளியானபோது ஆசிரியர் வரியில் மூன்று பெயர்களும் இருந்தன. அதன்பிறகு நாங்கள் ஒரு விதியைச் சேர்த்தோம்: ஒவ்வொரு செருகுநிரலுக்கும் இரண்டு தொடர்பு முகவரிகள், அவற்றில் ஒன்றாவது அலுவலக முகவரியாக இருக்கக் கூடாது.